ஏழாம் அத்தியாயம்: தண்ணி ஒருவரிடம், சாப்பாடு இன்னொருவரிடம்

ஈப்போவில் காலையில் பசியாறப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: கோப்பிக்கடை என்பது ஒரே கடை அல்ல. கூரையும் மேசை நாற்காலியும் தண்ணி கலக்கும் மேடையும் ஒருவருடையவை. வாசலை ஒட்டி வரிசையாக நிற்கும் அடுப்புகள் வேறு வேறு ஆட்களுடையவை. அவர்கள் இடத்துக்கு வாடகை கொடுத்துப் பிழைப்பவர்கள். மீ அவிப்பவருக்கும் கோப்பி கலக்குபவருக்கும் கணக்கு வழக்கு தனித்தனி. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள், ஓட்டல் பழக்கத்தில், சர்வர் வந்து எல்லாவற்றையும் கேட்டுப்போவார் என்று உட்கார்ந்திருப்பார்கள். ஓர் அங்கிள் வருவார், தண்ணி என்ன வேண்டும் என்று மட்டும் கேட்பார், போய்விடுவார். அடுத்த மேசைகளுக்கெல்லாம் ஆவி பறக்கும் கிண்ணங்கள் வந்துகொண்டிருக்கும், இவர்கள் மேசை மட்டும் காலியாகவே கிடக்கும். ஈப்போக் கடைகளில் மரியாதை இல்லை என்று கோபித்துக்கொண்டு எழுந்தவர்களும் உண்டு. கடைக்காரர் மீது தப்பே இல்லை. அவர் விற்பது தண்ணி மட்டும்தான்.

முறை இதுதான். முதலில் மேசை பிடியுங்கள். பெரும்பாலான கடைகளில் மேசையிலேயே எண் எழுதியிருக்கும். அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் மேசையில் இருக்க, மற்றவர் அடுப்புகளை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். வேண்டியதைச் சொல்லி, மேசை எண்ணையும் சொன்னால் போதும், கொண்டுவந்து வைப்பார்கள். வைத்தவுடன் அவரவருக்கு அவரவர் காசு. மூன்று அடுப்புகளில் மூன்று பதார்த்தம் வாங்கினால் மூன்று பேரும் வந்து காசு வாங்கிப் போவார்கள், தண்ணிக்காரர் நான்காவது. ஆகவே ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டாதீர்கள், ஒரு வெள்ளியும் ஐந்து வெள்ளியுமாகச் சில்லறை வைத்திருங்கள். கியூஆர் அட்டை ஒட்டாத அடுப்பு இப்போது குறைவுதான், ஆனாலும் வயதானவர்கள் நடத்தும் கடையில் காசுதான் செல்லும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.

கூட்ட நேரத்தில் முழு மேசைக்காகக் காத்திருக்க வேண்டாம். காலி நாற்காலியைத் தொட்டு "அடா ஓராங்?" என்று கேட்டுவிட்டு உட்காரலாம். தண்ணி வாங்காமல் சாப்பிட மட்டும் உட்காருவது அழகல்ல. கடைக்குச் சொந்தக்காரரின் பிழைப்பே அந்தக் கோப்பையில்தான் இருக்கிறது. சில கடைகளில் தண்ணி வாங்காதவரிடம் சிறு தொகை வசூலிப்பார்கள், அறிவிப்பும் சுவரில் ஒட்டியிருக்கும். வெளிச் சாப்பாட்டைக் கொண்டுவந்து பிரிப்பதும் இதே வகைக் குற்றம். 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இது நிம்மதி.

பேச்சு பஜார் மலாயில் ஓடும். சீனர்களுக்குள் ஈப்போவில் கண்டோனீஸ்தான் பொதுமொழி, நமக்கு மலாய் போதும்:

"மினும் அபா, பாஸ்?"

"கோப்பி ஓ சத்து, கோப்பி பெங் சத்து. மேஜா லிமா."

இங்கே 'பாஸ்' என்பது உங்களைத்தான். நீங்கள் அவரை அங்கிள் என்றும், பெண்ணாக இருந்தால் அண்டி என்றும் அழைக்கலாம். கடை முதலாளி என்று தெரிந்தால் தவுக்கே.

இனி கோப்பி. 'ஈப்போ வெள்ளைக் கோப்பி' என்று உலகம் முழுக்கப் பொட்டலத்தில் விற்கிறதே, அது வெள்ளையாக இருக்காது, வெளிர்பழுப்பாக இருக்கும். வித்தியாசம் வறுப்பில். வழக்கமான கறுப்புக் கோப்பிக்கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். வெள்ளைக் கோப்பிக்குச் சீனி சேர்ப்பதில்லை, செம்பனை எண்ணெய் மார்ஜரின் மட்டும். அதனால் கருகல் கசப்பு குறைந்து, கட்டிப்பால் ஊற்றியதும் நிறம் வெளுக்கிறது. பழைய நகரில், ஜாலான் பண்டார் தீமாவில், 1937இல் தொடங்கிய சின் யூன் லூங்கும் எதிர்ப்பக்கம் 1958இல் வந்த நாம் ஹியோங்கும் இதற்குப் பெயர்போனவை. நாம் ஹியோங்கின் கைப்பக்குவம்தான் 1999இல் ஓல்ட் டவுன் என்ற உடனடிக் கோப்பிப் பொட்டலமாகி, பிறகு உணவகச் சங்கிலியாகப் பெருகி, 2018இல் ஜேக்கப்ஸ் டௌவ எக்பர்ட்ஸ் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் கைக்குப் போனது. பொட்டலக் கோப்பியைக் குடித்துவிட்டு ஈப்போக் கோப்பி தெரியும் என்று சொல்பவரோடு நான் வாதாடுவதில்லை, கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிடுவேன்.

சொல்லும் முறை: வெறும் 'கோப்பி' என்றால் கட்டிப்பால் கலந்தது. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சீனி உண்டு. 'கோப்பி ஓ கோசோங்' என்றால் இரண்டும் இல்லை. இனிப்புநீர் உள்ளவர்கள் இந்த ஒரு சொல்லை மறக்கக்கூடாது. வெள்ளைக் கோப்பியில் வறுப்பில் சீனி இல்லையென்றாலும் கட்டிப்பாலில் இருக்கும் சீனி கொஞ்சநஞ்சமல்ல. 'கோப்பி சி' என்றால் கட்டிப்பாலுக்குப் பதிலாக இனிப்பில்லாத டின் பால், சீனி தனியாக. 'பெங்' சேர்த்தால் ஐஸ். 'சாம்' என்றால் கோப்பியும் தேயும் கலந்தது. முதலில் கேட்க விநோதமாக இருக்கும், பழகிவிட்டால் வேறு எதுவும் பிடிக்காது. 'கூராங் மானிஸ்' என்றால் இனிப்புக் குறைவு.

கோப்பியோடு முதலில் வரவேண்டியது ரொட்டி பாக்காரும் அரைவேக்காட்டு முட்டையும். ரொட்டியை வாட்டி, காயாவும் வெண்ணெயும் தடவித் தருவார்கள். காயா என்பது தேங்காய்ப்பால், முட்டை, சீனி மூன்றையும் கிண்டிச் செய்யும் இனிப்பு. முட்டையைப் பீங்கானில் உடைத்து, கிச்சாப்பும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டுக் கலக்கி, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவது. தோட்டத்து வெட்டுக்காரர்கள் விடியுமுன்னே மரத்தடிக்குப் போய், பாலெடுத்து முடித்து, பத்து மணி வாக்கில் கடைக்கு வந்து கோப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் குடித்த காலத்தில் இதுதான் அவர்களுக்கும் ஆடம்பரப் பசியாறல்.

சாப்பாட்டில் ஈப்போவுக்கே உரியது கை சீ ஹோர் ஃபன். அரிசிமாவில் வார்த்த தட்டையான, வழுவழுப்பான கீற்றுகள், இறால் ஓடும் கோழி எலும்பும் கொதித்த சூப், மேலே பிய்த்துப் போட்ட கோழி, இரண்டு மூன்று இறால், பூண்டுத்தழை. காரம் கிடையாது. வயிறு சரியில்லாத நாளிலும் இறங்கும், பிள்ளைகள் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்கள். நம் வீட்டில் காய்ச்சலுக்குக் கஞ்சி வைப்பதுபோல், ஈப்போச் சீனக் குடும்பத்துக்கு இது. கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் தண்ணீர்தான் இந்த வழுவழுப்புக்குக் காரணம் என்று ஊரார் சொல்வார்கள். தவுகே என்னும் பயற்றுமுளைக்கும் அதே காரணம்தான் சொல்கிறார்கள். ஈப்போத் தவுகே குட்டையாக, தடியாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும். அதை ஒரு கொதி மட்டும் காட்டி எடுத்து, கிச்சாப்பும் நல்லெண்ணெயும் வெள்ளை மிளகும் தூவி, அவித்த கோழியோடு வைப்பதுதான் தவுகே ஆயாம். புதிய நகரில், ஜாலான் யாவ் தெட் ஷின்னில் லாவ் வோங், ஓன் கீ என இரண்டு கடைகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. எது நல்லது என்று ஈப்போக்காரரிடம் கேட்காதீர்கள், சாயங்காலமே போய்விடும். கோழியின் தோல் பளபளவென்றும் எலும்பருகே இளஞ்சிவப்பாகவும் இருக்கும், அது வேகாத கோழி இல்லை, அவிக்கும் பக்குவம் அப்படி. மனம் ஒப்பாதவர்கள் நெஞ்சுக்கறி கேட்டு வாங்கலாம்.

கறி மீயைத் தமிழர்கள் தைரியமாகக் கேட்கலாம். மசாலைத்தூள் மணக்கும் கோழிக் கறிக்குழம்பு, மேலே புதினா இலை. உலர்ந்ததாகவும் கேட்கலாம், குழம்பு கெட்டியாக மேலே ஊற்றி வரும். ஆனால் அடுப்புக்கு அடுப்பு அதில் வாட்டிய பன்றி இறைச்சித் துண்டுகளைச் சேர்ப்பதுண்டு. கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கேட்டுக்கொள்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கோப்பிக்கடையில் பெரும்பாலான அடுப்புகள் பன்றிக் கொழுப்பில் சமைப்பவை. சார் கோய்தியாவின் மணமே அதில்தான். இறைச்சி கண்ணில் படாவிட்டாலும் எண்ணெயில் இருக்கலாம், சூப்பில் இருக்கலாம், மீன் உருண்டைக்குள் இருக்கலாம். "அடா பாபி?" என்றால் இறைச்சியை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லக்கூடும். "பாக்காய் மினியாக் பாபி?" என்று எண்ணெயையும் சேர்த்துக் கேளுங்கள். மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் "தாக் மாவ் லெம்பு" என்று சொல்லலாம். 'டாகிங்' என்பது இறைச்சி என்று பொதுவாகப் பொருள்பட்டாலும் இந்நாட்டில் அது மாட்டிறைச்சிதான். முஸ்லிம் வாசகர்கள் ஜாக்கிம் ஹலால் சின்னத்தைப் பார்த்துப் போவதே சரி. பழைய நகரக் கோப்பிக்கடைகளில் பெரும்பாலும் அது இருக்காது. அவர்களுக்கு ஈப்போவில் வேறு சொர்க்கம் இருக்கிறது: ஜாலான் யாங் கல்சோமில் யோங் சுவான் என்ற சீனப் பெயர் கொண்ட கடையில் விற்கும் நாசி கண்டார். அதற்கு ஊர் வைத்த செல்லப்பெயர் நாசி கஞ்சா, தின்றவர் திரும்பத் திரும்ப வருவதால்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு வழி இல்லை என்பது தவறான எண்ணம். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சீனர்களில் பலருக்குச் சைவ நாள். அன்று கோப்பிக்கடைகளிலேயே சைவ அடுப்பு களைகட்டும். மஞ்சள் பலகையில் சிவப்பாக எழுதிய ஒற்றைச் சீன எழுத்து அதன் அடையாளம், 'சாய்' என்று கேட்டால் கைகாட்டுவார்கள். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத கண்டிப்பு அவர்களுடையது. தட்டில் கோழிக்கறி போலத் தெரிவது சோயா. பார்த்துப் பதற வேண்டாம்.

எந்தக் கடைக்குப் போவது? பயணக் குறிப்புகள் அனைத்தும் ஜாலான் பண்டார் தீமாவின் அந்த நான்கைந்து கடைகளையே சொல்லும். முதன்முறை வருபவர் போகட்டும். கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் வந்தால் இரண்டரை மணி நேரம் ஆகும், கட்டடக் கலைஞர் ஹப்பேக் வரைந்து 1917இல் கட்டி முடித்த ரயில் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் போதும். தியன் சுன்னில் சுவர்க் கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து காரமெல் கஸ்டர்டும் சாத்தேயும் சாப்பிட்டுப் பார்க்கலாம். பக்கத்திலேயே கோங் ஹெங். இந்தக் கடைகள் இவ்வளவு பழைய கோலத்தில் இருப்பதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின, இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். இடித்துக் கட்ட யாருக்கும் பணமும் இல்லை, அவசரமும் இல்லை. அப்படித் தப்பியவைதான் இன்று எல்லாரும் படம் பிடிக்கும் தரைக்கற்களும் பளிங்கு மேசைகளும்.

ஆனால் சனி ஞாயிறு, பள்ளி விடுமுறை, சீனப் பெருநாள் வாரங்களில் அந்தத் தெருப் பக்கம் போகாதீர்கள். ஒரு கோப்பிக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்பது பசியாறல் அல்ல. என் கணிப்பில், ஈப்போவின் நல்ல சாப்பாடு பழைய நகரத்துக்கு வெளியே, குடியிருப்புக் கடைகளில்தான் இருக்கிறது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில், 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டப்படி, காட்டோரச் சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து முள்வேலிக்குள் குடிவைத்த புதுக்கிராமங்கள் பேராக்கில்தான் அதிகம். வேலி போய்விட்டது, கிராமம் நகரத்தோடு சேர்ந்துவிட்டது, கோப்பிக்கடை மட்டும் அதே மூலையில் நிற்கிறது. பாசிர் பிஞ்சி, குனோங் ராப்பாட், பெர்ச்சாம் பக்கம் போங்கள். பாசிர் பிஞ்சியில், ஜாலான் கிங்கில், பெரிய மரத்தடியில் தொடங்கியதால் 'தாய் ஷு கியோக்' என்றே பெயராகிவிட்ட இடத்தில், மீன் அரைப்பு திணித்த தவ்வும் மிளகாயும் கத்திரிக்காயும் பொரித்து அடுக்கி வைத்திருப்பார்கள். சென்கோவாங் துருவிப் போட்டுப் பொரித்த சார் கோக் லியூவைத் தவறவிட வேண்டாம்.

குடியிருப்புக் கடையை எடைபோடச் சில அடையாளங்கள் உண்டு. காலை எட்டு மணிக்குப் பாட்டி பேரன் என மூன்று தலைமுறை ஒரே மேசையில் இருக்கிறதா? அடுப்புக்காரர் கேட்காமலே சிலருக்குச் சமைக்கிறாரா? பட்டியலில் இரண்டு மூன்று பதார்த்தத்துக்கு மேல் இல்லையா? அப்படியானால் உட்காருங்கள். மேசைக்கு மேசை படம்போட்ட பெரிய மெனு அட்டை இருந்தால் எழுந்து அடுத்த கடையைப் பார்க்கலாம். நேரம் முக்கியம். காலைக் கடைகள் பதினொன்றரைக்கே துடைத்துக் கவிழ்த்துவிடும், மதியம் இரண்டுக்கு மேல் திறந்திருப்பவை குறைவு. வார விடுமுறை கடைக்குக் கடை மாறும், அடுப்புக்கு அடுப்பும் மாறும். தேடிப்போன மீக்காரர் அன்று வராமல் கோப்பி மட்டும் கிடைப்பது சாதாரணம்.

புந்தோங்கில் உறவினர் வீட்டில் தங்குபவர்களுக்கு இன்னும் வசதி. ஈப்போத் தமிழர்களின் பெரிய குடியிருப்பு அது. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் கச்சான் பூத்தே வறுக்கும் தெருவும் அங்கேதான். முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் கோப்பிக்கடை மூடிய மத்தியான நேரத்துக்கு ஆகும்.

பழைய தோட்டப்புறங்களைப் பார்க்கப் போகிறவர்கள் சாப்பாட்டைப் பட்டணத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. லயங்கள் இருந்த இடத்தில் பெரும்பாலும் இப்போது செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும்தான். வடக்கே சுங்கை சிப்புட், ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். 1948 ஜூன் 16 அன்று அதன் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுடப்பட்டதை அடுத்துத்தான் அவசரகாலமே அறிவிக்கப்பட்டது. துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர் அவர். இன்னும் வடக்கே கோலகங்சாரில், 1877இல் நட்ட முதல் பால்மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. இந்தப் பட்டணங்களின் பழைய மளிகைக் கடைகளிலும் கோப்பிக்கடைகளிலும் தமிழ் பேசும் சீன முதியவர்களைச் சந்திப்பீர்கள். சம்பளம் வரும்வரை 555 புத்தகத்தில் கடன் எழுதிக்கொண்டு அரிசியும் கருவாடும் கொடுத்த கடைகள் அவை. 'என்னா தம்பி, எந்தத் தோட்டம்?' என்று அவர் கேட்டால் உங்கள் தாத்தா இருந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், நாட்டுப் பெயரையே சொல்லுங்கள், ஆங்கிலப் பெயரைவிட அதுதான் அவருக்குத் தெரியும்.

தெற்கே போகிறவர்கள் கம்பாரில் கோழி ரொட்டி கேட்கலாம். கோழிக்கறியைப் பொட்டலமாக உள்ளே வைத்துச் சுட்ட பெரிய பன், மேசையில் வைத்து வெட்டித் திறப்பார்கள். நான்கு பேருக்குக் காணும். பீடோரில் மூலிகை சேர்த்த வாத்துக்கால் மீ. தெலுக் இந்தானில், 1885இல் கட்டிச் சாய்ந்த மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு, உலர் இறால் உள்ளே வைத்த சீ சியோங் ஃபன் ஒரு பொட்டலம்.

அண்மைக் காலத்தில் ஈப்போவின் புதிய தாமான்களில் தைவான் சாப்பாட்டுக் கடைகளும் தென்படுகின்றன. மலேசியச் சீன மாணவர்கள் பல தலைமுறையாகத் தைவான் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் படிப்பவர்கள், அந்த ருசி அவர்களோடு திரும்பி வருகிறது. இங்கே முறை வேறு: ஒரே சமையலறை, ஒரே பில், பெரும்பாலும் சீட்டில் குறியிட்டுக் கொடுக்க வேண்டும். லூ ரோ ஃபான் என்பது சோயாவிலும் பட்டை கிராம்பு வகை மசாலையிலும் வதங்கிய பன்றி இறைச்சியைச் சோற்றின் மேல் ஊற்றுவது. நியூ ரோ மியன் மாட்டிறைச்சி மீ. மாடு வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஏர் இழுத்த மாட்டைத் தின்பதில்லை என்ற வழக்கம் தைவானின் பழைய விவசாயக் குடும்பங்களிலும் உண்டு, மாட்டிறைச்சி மீ அங்கே பரவியதே 1949க்குப் பிறகு சீனப் பெருநிலத்திலிருந்து வந்த படைவீரர் குடும்பங்களோடுதான். நமக்குத் தோதானது சான் பெய் ஜீ: சோயா, நல்லெண்ணெய், அரிசி மது மூன்றும் ஊற்றி, துளசி வகை இலை போட்டுச் சட்டியில் சுண்டவைத்த கோழி. மது கலந்தது என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போக எல்லாக் கடையிலும் 'தாப்பாவ்' என்று சொன்னால் போதும். சூப்பையும் மீயையும் தனித்தனிப் பையில் கட்டச் சொல்லுங்கள், சேர்த்துக் கட்டினால் வீடு போய்ச் சேர்வதற்குள் மீ ஊறிக் களியாகிவிடும். கை சீ ஹோர் ஃபன்னைத் தாப்பாவ் செய்யவே வேண்டாம். தவுகேயும் அப்படித்தான், பையில் பத்து நிமிடம் இருந்தாலே துவண்டுவிடும். ரயிலுக்குத் தாங்குவது முட்டைத் தார்ட், காயா போத்தல், குனோங் ராப்பாட்டில் சுடும் ஹியோங் பியா, மெங்லெம்பு நிலக்கடலை. கோப்பியைப் பிளாஸ்டிக் பையில் உறிஞ்சுகுழல் போட்டுக் கயிறு கட்டித் தருவார்கள். ரயிலில் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது, மேடையிலேயே குடித்துவிட்டு ஏறுங்கள்.